வலது காலின் மேல் விழுந்த பழி

டென்மார்க்கின் பிராண்டேயில் இருக்கிற தமிழருக்கெல்லாம் என் வலது காலைத் தெரியும். கடையில் கண்டு சிரிக்கிறவர்கள்கூட ஒரு தடவை கீழே பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார்கள். பிறேக்கை மிதிக்க வேண்டிய இடத்தில் அக்சிலேற்றரை மிதித்து, பெற்ற பிள்ளையின் எலும்பை முறித்த கால் இது. ஊர் அப்படித்தான் சொன்னது. பொலிஸ் சொன்னது, நீதிமன்றமும் சொன்னது. கடைசியில் நானே சொல்லத் தொடங்கினேன். மற்றவர்கள் சொன்னதை மன்னித்துவிட்டேன். நான் சொன்னதுதான் இன்னும் ஆறவில்லை.

என் பெயர் சயந்தினி. வயது நாற்பத்து நான்கு. காற்றாலைத் தொழிற்சாலையில் போல்ற் இறுக்குவது என் வேலை. பதினெட்டு வருடமாக இறுக்குகிறேன், ஒன்றுகூடக் கழன்றதாக முறைப்பாடு வந்ததில்லை. என் கணவர் கஜதீபன் வைலேயில் பஸ் ஓட்டுகிறார். நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு பனியில் சிரித்தபடி போகிற மனுசன், நான் கார் ஓட்டினால் மட்டும் மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். எங்களுக்கு ஒரே மகள், நிலக்சி. அப்போது அவளுக்குப் பதினாறு. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் டேனிஷில் பதில் சொல்வாள். சண்டை பிடிக்கும்போதும் அப்படித்தான்.

இனி கார். 1970ஆம் ஆண்டு அமெரிக்காவில் செய்த டொட்ஜ் சலஞ்சர். கத்தரிப்பூ நிறம். எட்டுச் சிலிண்டர், ஆறு லீற்றருக்கு மேல் எஞ்சின். முன்மூடி ஒரு கட்டில் அளவு நீளம். சாவியைத் திருப்பினால் பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் யன்னலைச் சாத்துவார், அவருடைய நாய் யன்னலைத் திறக்கச் சொல்லிக் குரைக்கும்.

இந்தப் பைத்தியத்தை எனக்கு ஒட்டவைத்தவள் பியா. தொழிற்சாலையில் எனக்கு எதிரே நின்று போல்ற் இறுக்குகிறவள். அவளிடம் இதே காலத்து அமெரிக்கக் கார் ஒன்று இருந்தது. ஒருநாள் வேலை முடிந்து என்னை ஏற்றிக்கொண்டு போனாள். ஊர் எல்லை தாண்டியதும் மிதித்தாள். என் வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டது. கார் முன்னே போனது, நான் எங்கேயோ பின்னால் நின்றுவிட்டு ஓடிவந்து ஏறியது போல் இருந்தது. இறங்கியபின் பத்து நிமிடம் சிரித்தேன். அழுகையும் வந்தது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து மெதுவாகக் கதை, மெதுவாக நட, வரிசையில் நில் என்றே பழகிய உடம்பு. அதற்குள் இப்படி ஒரு சத்தம் ஒளிந்திருந்தது எனக்கே தெரியாது.

குசினி மாற்ற வைத்திருந்த காசில் கார் வந்தது. குசினி இன்றைக்கும் பழையதுதான்.

“இந்தக் கார்களுக்கு ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது” என்று பியா முதல் நாளே சொன்னாள். பிறேக் நான்கும் பழைய காலத்து டிரம் பிறேக். சூடேறினால் பிடி தளரும். ஒரேயடியாக மிதித்தால் சில்லு இறுகிக் கார் குறுக்கே திரும்பும். இன்றைய காரில் சாரதி பிழைவிட்டால் கணினி திருத்தும், இதில் திருத்த ஆளில்லை. கூடவே இன்னொரு சட்டமும் சொன்னாள். காருக்குள் உருளக்கூடிய பொருள் ஒன்றும் இருக்கக் கூடாது. தண்ணீர்ப் போத்தல், குடை, ஒற்றைச் சப்பாத்து, ஒன்றும் கூடாது. சீறிப் போகும்போது பின்னால் ஓடும், பிறேக் போடும்போது முன்னால் ஓடிவரும், வந்து பெடலுக்குப் பின்னால் புகுந்தால் ஆளின் கதை முடிந்தது. இந்தச் சட்டத்தை நான் கந்தசஷ்டி விரதம் போலப் பிடித்தேன்.

பிறகு வாகனப் பூசை வந்தது. ஒரு மே மாதச் சனிக்கிழமை, கோயிலுக்கு முன்னால் கார் விடுகிற இடத்தில் சலஞ்சர் நின்றது. முன்மூடியில் திருநீறு, சந்தனம், குங்குமம். பரிபாலன சபையைச் சேர்ந்த சபாரத்தினம் அண்ணை காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“பிள்ளை, இது காரோ, கப்பலோ?”

“கப்பல் எண்டால் கடலுக்கெல்லோ போகோணும், அண்ணை. இது வைலேக்குத்தான் போகுது.”

“குடிக்கிற பெற்றோலுக்குக் கடலளவு வேணும் போல கிடக்கு” என்றார்.

ஐயர் நான்கு சில்லுக்கும் கீழே ஒவ்வொரு தேசிக்காய் வைத்தார். நான் காரை மெல்ல உருட்டி நசித்தேன். தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். முடிவில் ஐயர் ஐந்தாவதாக ஒரு தேசிக்காயை எடுத்து, மந்திரம் சொல்லி நீட்டினார்.

“இதைக் காருக்குள்ள வையுங்கோ அம்மா.”

“வேண்டாம் ஐயா. காருக்குள்ள உருளுற சாமான் ஒண்டும் நான் வைக்கிறேல்லை.”

கஜதீபனுக்கு முகம் வெளிறிவிட்டது. “சயந்தி, சாமி குடுக்கிறதை வேண்டாம் எண்டாதையும். உந்தக் காருக்கு எத்தினை கண் படும். எனக்குப் பயமாக் கிடக்கு.”

“பயமெண்டால் வீட்டில சாமிப் படத்துக்கு முன்னால வையுங்கோ. என்ரை காருக்குள்ள வேண்டாம்.”

அவர் தேசிக்காயை வாங்கித் தன் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அத்தோடு அது முடிந்தது என்று நினைத்தேன்.

ஆறு கிழமை கழித்து ஒரு ஞாயிறு. சில்க்போர்க் ஏரிக்கரையில் பழைய அமெரிக்கக் கார்கள் கூடுகிற நாள். நிலக்சியும் வருகிறேன் என்று முன் இருக்கையில் ஏறிவிட்டாள். காட்டுக்கு நடுவே போகிற வீதி, காலை வெயில், முன்னால் ஒரு உழவு இயந்திரம். முந்தினேன். கார் சீறியது. நிலக்சி டேனிஷில் “இன்னும், இன்னும்” என்று கத்தினாள். அவளுடைய தலைமுடி யன்னலுக்கு வெளியே பறந்தது. அவள் என்னோடு சேர்ந்து இவ்வளவு சந்தோசமாக இருந்து எத்தனையோ காலம். அந்த ஒரு சத்தத்துக்காகவே இன்னும் கொஞ்சம் மிதித்தேன். மறைக்க ஒன்றுமில்லை, வேகம் கூடத்தான்.

சுற்றுவட்டம் வந்தது. நிற்கப் போதிய தூரம் இருந்தது. பிறேக்கை மிதித்தேன். பெடல் பாதி வழி போய் நின்றது. இன்னும் அழுத்தினேன், கல்லை மிதித்தது போல் இருந்தது. கார் கொஞ்சம் தயங்கியது, ஆனால் நிற்கவில்லை. நேரே வட்டத்தின் நடுவே ஏறி, பலகை ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு, அந்தப் பக்கம் வயலுக்குள் பாய்ந்து நின்றது. சத்தம் ஓய்ந்தபின் நிலக்சியின் குரல் கேட்டது. தோளைப் பிடித்துக்கொண்டு “அம்மா” என்றாள். அந்த நேரத்தில் மட்டும் தமிழ்.

அவளுக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. எங்கள் இருவரையும் அம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனது. கஜதீபன் ஓடிவந்து கார் கிடந்த இடத்தில் நின்று, உள்ளே இருந்த சாமான்களை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பேயறைந்த முகத்தோடு கட்டில் ஓரம் நின்றார். பாவம், பயந்துவிட்டார் என்று நான்தான் அவரைத் தேற்றினேன்.

காரைப் பரிசோதித்தவர் பிறேக்கில் ஒரு குறையும் இல்லை என்று எழுதினார். வீதியில் ரயர் தேய்ந்த அடையாளம் இல்லை. உழவு இயந்திரக்காரர் எஞ்சின் உறுமியதைக் கேட்டதாகச் சொன்னார். அது நின்றாலும் உறுமுகிற எஞ்சின் என்று யாருக்கு விளங்கப்படுத்துவது? பெடல் பாதியில் நின்றது என்று சொன்னேன். பொலிஸ்காரி அன்பாகத்தான் பதில் சொன்னாள். பதற்றத்தில் ஆட்கள் பெடல் மாறி மிதிப்பார்கள், பிறகு மூளை வேறு கதை சொல்லும், உங்களைப் போல் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றாள். அந்த அன்புதான் என்னைக் கொன்றது. நீதிமன்றத்தில் தண்டப்பணம் போட்டார்கள். அனுமதிப்பத்திரம் பறிபோகாமல் இருக்கச் சாரதிப் பரீட்சையைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றார்கள். கஜதீபன் எனக்குப் பக்கத்தில் இருந்து என் கையைப் பிடித்திருந்தார்.

அதன்பின் நிலக்சி நான் ஓட்டுகிற எந்தக் காரிலும் ஏறவில்லை. குற்றம் ஒன்றும் சொல்லமாட்டாள். பஸ் நேரத்தைப் பார்ப்பாள், சப்பாத்தைப் போடுவாள், போய்விடுவாள்.

“போனது போகட்டும். சில்க்போர்க்கில பழைய கார் வாங்கி விக்கிற ஒருத்தன் கேக்கிறான், உடைஞ்ச கார் எண்டாலும் வாங்குவானாம். குடுத்துவிடும்” என்றார் கஜதீபன். ஒரு தடவை இல்லை, மாதத்துக்கு ஒரு தடவை.

“குடுக்கமாட்டன்.”

கொடுத்தால் அந்தக் கதை உண்மையாகிவிடும். என் கால் பிழை என்றால் அது எனக்குத் தெரிய வேண்டும். பிழை இல்லை என்றாலும் தெரிய வேண்டும். நான் இறுக்கிய போல்ற்றை இன்னொருத்தர் வந்து கழன்றுவிட்டது என்று சொன்னால், போய்த் தொட்டுப் பார்க்காமல் தலையாட்டுகிற ஆள் நானில்லை.

சாப்பாட்டு மேசைக்குக் கீழே இரண்டு பலகைத் துண்டுகளை ஒட்டினேன். வலது பக்கம் அக்சிலேற்றர், நடுவில் பிறேக், சலஞ்சரில் இருக்கிற அதே இடைவெளி. ஒவ்வொரு நாளும் பின்னேரம் தேத்தண்ணீர் குடித்தபின் கதிரையில் இருந்து, கண்ணை மூடிக்கொண்டு, இருநூறு தடவை காலை மாற்றி மிதிப்பேன். டக், டக். நான் தொடங்கினால் கஜதீபன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடக்கப் போய்விடுவார். மழையிலும் போவார். பார்க்கச் சகிக்கவில்லை என்று நினைத்தேன். அது சரிதான். ஏன் சகிக்கவில்லை என்பதைத்தான் பிழையாக நினைத்தேன். அவருக்கு இன்னொரு பழக்கமும் புதிதாக வந்திருந்தது. எந்தக் காரில் ஏற முன்னும் குனிந்து பெடலுக்குக் கீழே ஒரு பார்வை பார்ப்பார். பஸ்காரன் புத்தி என்று நக்கலடித்தேன்.

பதினேழு வயதுப் பிள்ளைகளோடு சாரதி வகுப்பில் இருந்தேன். வழுக்குத் தளத்தில் தண்ணீர் விட்டு, கார் சுழலச் சுழல பிறேக் பழக்கினார்கள். மிதி, விடு, மிதி. ஒரு பையன் சுழன்று போய் என் காருக்கு முன்னால் நின்றான். நான் முட்டாமல் நின்றேன். பரீட்சையில் சித்தியடைந்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க பியாவின் கராஜில் சலஞ்சரின் மூக்கை நேராக்கினோம்.

“முன்சில்லுக்காவது நவீன டிஸ்க் பிறேக் போடுவோம்” என்றாள் பியா.

“பழையதே இருக்கட்டும். பிறேக்கை மாற்றினால் கால் சரியா பிழையா என்று எப்படித் தெரியும்?”

“நீ ஒரு கழுதை” என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு அந்தப் பழைய பிறேக்கை என்னோடு சேர்ந்து மூன்று தடவை கழற்றிப் பூட்டினாள்.

ஜூன் மாதத்தில் ஒரு பழைய விமானத் தளத்தில் கால் மைல் ஓட்டம். இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நின்று, பச்சை விளக்குக்குப் பாயும். நானூறு மீற்றரில் கோடு. அதற்கப்பால் நிற்பதற்கு ஓடுபாதை, அதற்கும் அப்பால் மணல். எல்லோரும் கோடு வரைக்கும் ஓட வருகிறார்கள். நான் கோட்டுக்கு அப்பால் நிற்க வரப்போகிறேன். என் கால் பெடல் மாறி மிதித்தால் அன்றைக்கே சாவியைச் சில்க்போர்க்காரனிடம் கொடுப்பேன், இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன். இதை வீட்டில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். கோடு தாண்டியபின் நின்றுவிட்டால் என் காலுக்கு விடுதலை.

“அப்பிடியெண்டால் போக முந்திப் பூசை செய்யோணும்” என்றார் கஜதீபன். “திருத்தின கார்.”

சரி என்றேன். ஓட்டம் மத்தியானம். காலை எட்டு மணிக்குக் கோயில். நிலக்சியைப் பியா தன் காரில் நேரே தளத்துக்குக் கூட்டிப்போனாள்.

சபாரத்தினம் அண்ணை அன்று கப்பல் பகிடி விடவில்லை. மரியாதையாகத் தள்ளி நின்றார், அநேகமாக என் காலுக்கு எட்டாத தூரத்தில். அதே திருநீறு, அதே சந்தனம். நான்கு தேசிக்காய் நசிந்தன. பிறகு ஐயர் ஐந்தாவதை எடுத்து மந்திரித்து, போனமுறை நினைவில் கொஞ்சம் தயங்கி நீட்டினார்.

ஒரு வருடப் பழி எப்பேர்ப்பட்ட ஆளையும் வளைக்கும். போனமுறை நான் இதை வாங்கியிருந்தால் என் பிள்ளைக்கு ஒன்றும் நடந்திராதோ என்று எத்தனை தடவை யோசித்திருப்பேன். இந்தமுறை அதைக் கதவுப் பையில் துணியில் கட்டி இறுக்கி வைக்கலாம் என்று நினைத்துக் கையை நீட்டினேன்.

“வேண்டாம் ஐயா!” கஜதீபன் பாய்ந்து என் கைக்கும் ஐயரின் கைக்கும் நடுவே வந்தார். “உள்ளுக்கை வேண்டாம்! காருக்குள்ள வைக்க வேண்டாம்!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். திங்கள், வெள்ளி தவறாமல் விரதம் இருக்கிற மனுசன். தேசிக்காய் இல்லாமல் சைக்கிள்கூட வாங்காத மனுசன். சாமி கொடுப்பதை வேண்டாம் என்கிறார். அவருடைய முகத்தைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்தபோது இருந்த அதே முகம்.

எனக்குக் கால் குளிர்ந்தது.

ஐயரிடமிருந்து தேசிக்காயை நானே வாங்கிக்கொண்டேன். கஜதீபனைக் காருக்கு மற்றப் பக்கம் கூட்டிப்போனேன்.

“சொல்லுங்கோ.”

“என்னத்தைச் சொல்ல?”

“போனமுறை சேட்டுப் பைக்குள்ள போட்டனீங்கள். அது எங்கை போனது?”

அவர் தரையைப் பார்த்தார். “உம்மடை சீற்றுக்குக் கீழ. கம்பிச் சுருளுக்குள்ள இறுக்கி வைச்சனான், சயந்தி. அசையாது எண்டுதான் நினைச்சன். எனக்கு நித்திரை இல்லை அப்ப. நீர் அந்தக் காரிலை போற ஒவ்வொரு நாளும் வயிறு எரியும். சாமியாவது கூட இருக்கட்டும் எண்டு…”

“பிறகு?”

“சூட்டுக்குக் காய்ஞ்சு சுருங்கிக் கழண்டிருக்கு. கல்லு மாதிரி. நான் போகேக்கை பிறேக் பெடலுக்குப் பின்னால இறுகிக் கிடந்தது. எடுத்துப் பொக்கற்றுக்குள்ள போட்டன்.”

“காரைச் சோதிக்க ஆள் வர முந்தி.”

“ஓம்.”

அவரே தொடர்ந்தார். “அண்டைக்கே சொல்லத்தான் நினைச்சன். பிள்ளை அழுதுகொண்டு கிடந்தது, நீரும் கிடந்தீர், வாய் வரேல்லை. பிறகு கோர்ட்டால வந்த அண்டைக்கு நீர் இனிக் கார் ஓடமாட்டன் எண்டு சொன்னீர். நிம்மதியாப் போச்சு எனக்கு. உண்மையைச் சொல்லுறன், நிம்மதியாப் போச்சு. உம்மை உயிரோடை வைச்சிருக்க இது போதும் எண்டு நினைச்சிட்டன்.”

கோபம் எனக்கு எப்போதும் சத்தமாக வரும். அன்றைக்குச் சத்தமே வரவில்லை. மேசைக்குக் கீழே ஒரு வருடம் அடித்த டக் டக் மட்டும் காதில் கேட்டது. நீதிமன்றத்தில் என் கையைப் பிடித்திருந்த கை இது. நான் என் காலையே சந்தேகப்பட்டு, குளிக்கும்போதுகூட அதைக் கோபமாகப் பார்த்த நாட்களில், காரணத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு மழையில் நடக்கப் போன மனுசன் இவர். அன்பு என்று சொல்கிறார். இருக்கலாம். அந்த அன்பை என் பிள்ளையின் முறிந்த எலும்பின் மேல் வைத்துக் காய வைத்திருக்கிறார்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவரை ‘நீங்கள்’ என்றே அழைத்து வந்தேன். அன்று அது வரவில்லை.

“ஏறும்” என்றேன். “இதைப் பிடியும்.”

தேசிக்காயை அவருடைய உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினேன்.

“விமானத் தளத்துக்கு வாறீர். என்னோடை ஓடுறீர். உது உம்மடை கையை விட்டு வெளிய வந்தால் தெரியும். முடிஞ்ச பிறகு நிலக்சிக்கு நீரே சொல்லுறீர். நான் சொல்லமாட்டன்.”

“பொலிஸுக்கும் நான் சொல்லுறன்” என்றார் மெதுவாக.

“அது திங்கக்கிழமை. முதல் பிள்ளைக்கு.”

தளத்தில் முப்பது நாற்பது கார் நின்றது. எரிந்த ரப்பர் மணம், பெற்றோல் மணம், சொசேஜ் சுடுகிற மணம். தெருக்கார் பிரிவில் தலைக்கவசத்தோடு ஒரு பயணி ஏறலாம். காரைச் சோதித்த பெண் உள்ளே தலையை விட்டு, இருக்கைக்குக் கீழே வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். உருளுகிற பொருள் ஏதும் உண்டா என்று கேட்டாள்.

“இவருடைய கையில் ஒன்று இருக்கிறது” என்றேன். “கையை விட்டு வராது.”

அவள் கஜதீபனின் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், அட்டையில் முத்திரை குத்திவிட்டுப் போனாள். பெண்களுக்குச் சில விசயங்கள் சொல்லாமலே விளங்கும்.

பியா ஓடிவந்தாள். என்னை ஒருமுறை பார்த்ததும் சாவியைப் பறித்தாள். “என்ன நடந்தது என்று கேட்கமாட்டேன். கோபத்தோடு ஏறாதே. கோபக்காரர்களைத்தான் இந்தக் கார்கள் முதலில் விழுங்கும்.”

அவள் சொன்னது சரி. நான்கு சோடிக் கார்களைப் போகவிட்டேன். புல்லில் உட்கார்ந்து வலது சப்பாத்தைக் கழற்றி, காலை வெயிலில் வைத்துப் பார்த்தேன். கால் சும்மா இருந்தது. அது ஒரு பிழையும் செய்யவில்லை. ஆனால் தலைக்குத் தெரிந்தது காலுக்குத் தெரிய வேண்டுமே. ஒரு வருடப் பயத்தை ஒரு வாக்குமூலம் கழற்றிவிடாது. தூரத்தில் வேலியோரம் நிலக்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சப்பாத்தைப் போட்டு நாடாவை இறுக்கினேன். சாவியை வாங்கினேன்.

கோட்டில் நின்றோம். பக்கத்தில் ஒரு மஞ்சள் கார். கஜதீபன் கைப்பிடியைத் தேடவில்லை, இரண்டு கையும் தேசிக்காயில் இருந்தன. உதடு ஏதோ தேவாரத்தை முணுமுணுத்தது. விளக்கு மஞ்சள், மஞ்சள், பச்சை.

மிதித்தேன். பின்சில்லு இரண்டும் கத்தின, கார் பின்பக்கத்தை வலது பக்கம் வீசியது. அந்த இடத்தில் பயந்து காலை வெடுக்கென்று எடுத்தால் மற்றப் பக்கம் சுழன்று அடிக்கும். எடுக்கவில்லை. ஸ்டியரிங்கை ஒரு விரற்கடை திருப்பிப் பிடித்தேன். ரயர் தாரைப் பிடித்தது, பிடித்ததும் கார் எங்களைத் தூக்கி எறிந்தது. முன்மூடி வானத்தைப் பார்த்தது. எஞ்சின் சத்தம் நெஞ்செலும்புக்குள் புகுந்தது. நான் கத்தினேன். சந்தோசத்தில்தான் கத்தினேன், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. கோபத்துக்கு அங்கே இடமே இருக்கவில்லை. மஞ்சள் கார் முன்னால் போனது, போகட்டும். நூற்று நாற்பது, நூற்று ஐம்பது. கோடு காலுக்குக் கீழே ஓடிப் போனது.

இனித்தான் என் ஓட்டம்.

வலது காலை எடுத்தேன். நடுப்பெடலுக்கு மேல் அது நின்றது. ஒரு மூச்சு நேரம், அதற்குள் அந்தச் சுற்றுவட்டம் முழுக்க வந்து போனது. பலகை, வயல், “அம்மா” என்ற சத்தம். தூரத்தில் மணல் தெரிந்தது. நட, என்றேன் காலுக்கு. வாய்விட்டே சொன்னேன்.

கால் இறங்கியது. பெடல் அதனோடு இறங்கியது. பாதி வழி போனது, பாதி தாண்டியும் போனது. ஒன்றிலும் முட்டவில்லை. கார் மூக்கைக் குனிந்தது. மிதி, விடு, மிதி. பின்பகுதி கொஞ்சம் ஆடியது, பிடித்தேன். டிரம் சூடேறிய மணம் வந்தது, பிடி தளரத் தொடங்கியது. இன்னும் ஆழமாக மிதித்தேன். நூறு, அறுபது, இருபது. மணலுக்கு நீண்ட தூரம் முன்னாலேயே, நட்ட நடு ஓடுபாதையில், சலஞ்சர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. என் கால் பெடலில் இருந்தது. சரியான பெடலில் இருந்தது.

பக்கத்தில் பார்த்தேன். கஜதீபனின் விரலிடுக்கால் சாறு வழிந்து சேட்டுக் கைவரை நனைந்திருந்தது. கையைத் திறக்கச் சொல்லவில்லை.

காரைத் திருப்பி வேலியோரம் கொண்டுவந்து நிறுத்தினேன்.

“போம், பிள்ளையிட்டைச் சொல்லும்” என்றேன். அவர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு நிலக்சியிடம் போனார். பியா ஏதோ சொல்ல வந்தவள், பார்த்துவிட்டு ஒதுங்கினாள். நான் காரில் சாய்ந்து நின்றேன், கிட்டப் போகவில்லை. அவர் கதைப்பது கேட்டது. சுற்றி வளைக்கவில்லை. சீற்றுக்குக் கீழே வைத்தது, பெடலுக்குப் பின்னால் எடுத்தது, ஒளித்தது, எல்லாவற்றையும் சொன்னார். “அம்மாவில பிழை இல்லை. அம்மா பிறேக்கைத்தான் மிதிச்சவ” என்றபோது குரல் உடைந்தது. நசிந்த தேசிக்காயை இன்னும் கையில் வைத்திருந்தார்.

நிலக்சி அவருக்கு ஒரு பதிலும் சொல்லவில்லை. தமிழிலும் இல்லை, டேனிஷிலும் இல்லை. கை தானாகத் தோளில் அந்தக் காறை எலும்பைத் தடவியது. பிறகு நேரே காருக்கு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சாரதிப் பக்கக் கதவைத் திறந்து தரையில் முழங்காலில் இருந்தாள். என் இருக்கைக்குக் கீழே கையை விட்டு, கம்பிச் சுருள் ஒவ்வொன்றாகத் தடவினாள். பெடலுக்குப் பின்னால் தடவினாள். மற்றப் பக்கம் போய் அந்த இருக்கைக்குக் கீழேயும் தடவினாள். கையெல்லாம் கறுப்புத் தூசு. எழுந்து கையைக் காற்சட்டையில் துடைத்தாள்.

ஏறினாள். பட்டியை இழுத்துப் போட்டாள். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

நானும் ஏறினேன். சாவி திரும்பியது, எஞ்சின் உறுமியது. கண்ணாடியில் கஜதீபன் வேலியோரம் தனியே நிற்பது தெரிந்தது. இத்தனை கோபத்திலும், பழக்கதோசத்தில், அவரை விட்டுப் போவது எப்படி என்று கேட்கத் தோன்றியது.

“அப்பா?” என்றேன்.

நிலக்சி முன்னால் பார்த்தபடி, ஒரு வருடத்துக்குப் பிறகு எனக்குத் தமிழில் பதில் சொன்னாள்.

“அப்பா பஸ்ஸில வரட்டும். நீங்கள் ஓடுங்கோ, அம்மா.”